பக்கத்து சீட் பிரேக்

இந்த உலகத்தில் இதுவரை ஓடியதும் இனிமேல் ஓடப்போவதுமான எல்லா வண்டிகளிலும் வேகமானது தையல்காரம்மாவின் குட்டிக் கார்தான். சந்தேகம் இருப்பவர்கள் அதன் நிழலைக் கேட்டுப் பார்க்கலாம். பாவம், அது போன வாரத்து வளைவிலேயே இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது. ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பினால், சத்தம் தெருமுனைக்கு வந்து சேருவதற்குள் வண்டி அங்கே போய் நின்று, "ஏன் இவ்வளவு லேட்டு?" என்று கேட்கும். முன்கண்ணாடியில் மோத வருகிற பூச்சிகள் வண்டி தாண்டிப் போன பிறகுதான் வந்து சேரும். அவமானம் தாங்காமல் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

இப்படித்தான் வாலு தெருவெல்லாம் கதை அளந்துகொண்டு திரிந்தாள். வாலு, தையல்காரம்மாவின் ஒரே மகள். இடக்கைக்காரி. பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் பாதியிலேயே மனக்கசப்பு வந்துவிட்டது. அங்கிருந்து அவள் கொண்டுவந்தது ஒரு ஜோடி வெள்ளைக் கேன்வாஸ் ஷூவும், யாரையாவது ஏமாற்றாவிட்டால் சோறு இறங்காத ஒரு வியாதியும்தான்.

உண்மையைச் சொன்னால் அது மூன்று சிலிண்டர் வண்டி. வாங்கும்போதே விலை குறைந்த ரகம். அதையும் டிரைவிங் ஸ்கூலில் போட்டு, ஊரில் உள்ள கத்துக்குட்டிகள் எல்லாம் கிளட்சைக் கடித்துத் துப்பியிருந்தார்கள். கதவில் ஒட்டியிருந்த பள்ளியின் பெயரை உரித்து எடுத்தாயிற்று. ஆனாலும் வெயில் படாத பெயிண்ட் அந்த எழுத்துகளின் வடிவத்திலேயே பளிச்சென்று இருந்தது. எத்தனை தடவை பாலிஷ் போட்டாலும் போகவில்லை. சாய்ந்த வெயிலில் பார்த்தால் பள்ளி இன்னும் நடக்கிற மாதிரியே இருக்கும்.

அந்தப் பள்ளியின் வாத்தியார்தான் வாலுவின் அப்பா.

அவருக்குப் பக்கத்து சீட்டுதான் வேலை செய்யும் இடம். அந்த சீட்டுக்கு முன்னால் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் பெடல். ஒரு கேபிள் அதை ஓட்டுகிறவரின் பெடலோடு கட்டியிருந்தது. அவர் இங்கே மிதித்தால் அங்கே பெடல் தானாகக் கீழே போகும். முதல் தடவை அதைப் பார்க்கிற மாணவர்கள் அலறிவிடுவார்கள். அவரோ எதிரே மாடு வருவது மாட்டுக்கே தெரியும் முன்னால் மிதித்துவிடுகிற ஆள். பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. டிவியில் பஸ் வேகமாக வந்தால் சோபாவில் உட்கார்ந்தபடி தரையை மிதிப்பார். அம்மா கொஞ்சம் வேகமாகப் பேசினாலும் மிதிப்பார்.

"நான் என்ன வண்டியா? எனக்கு எதுக்கு பிரேக்கு?" என்று அம்மா கத்துவாள்.

"கால் தானா போகுதும்மா. நான் என்ன பண்ணட்டும்?" என்பார்.

அம்மாவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். லைசென்ஸ் வாங்கிப் பல வருடமான பிறகும், அம்மா ஓட்டினால் அவர் கால் சும்மா இருக்காது. தன் வாழ்நாளில் ஒரு வளைவிலாவது தானாக முதலில் பிரேக் மிதித்ததில்லை என்பது அம்மாவின் நிரந்தரப் புகார்.

ஒருநாள் மதியம் வாத்தியார் ஸ்கூல் ஆபீசில், பிளாஸ்டிக் நாற்காலியில், நேரத்துக்கு வராத ஒரு மாணவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மாணவன் வந்தபோது அவர் இல்லை. உட்கார்ந்தபடியே போய்விட்டிருந்தார். வலது கால் மட்டும் முன்னால் நீண்டு தரையை அழுத்திக்கொண்டிருந்தது. எதைப் பார்த்து மிதித்தாரோ, அது நிற்கவில்லை.

அதன் பிறகு வண்டி வீட்டு வாசலில் தூசி போர்த்திக்கொண்டு கிடந்தது. பேட்டரி செத்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அதன் மேலேயே சாய்ந்து நின்று விசாரித்தார்கள். கடைசியில் சைலன்சர் வந்தார். அவர் அப்பாவின் நண்பர், மெக்கானிக். மெதுவாகப் பேசினால் பாவம் என்று நினைக்கிறவர் என்பதால் ஊர் அவருக்கு அந்தப் பெயரை வைத்திருந்தது.

"தங்கச்சி, வண்டியைத் தள்ளி விட்டுடலாம். நானே ஆள் பாக்கறேன்," என்று நாலு வீட்டுக்குக் கேட்கும்படி ரகசியம் பேசினார்.

அம்மா கையில் ஊசியோடு நின்றிருந்தாள். வீட்டின் முன்னறைதான் அவளுடைய பட்டறை. கார் சீட்டுகளுக்கு உறை தைப்பது தொழில். பழைய உறையைக் கையில் எடுத்தால் போதும், ஓட்டுகிறவரின் ஜாதகமே சொல்லிவிடுவாள். "இந்த ஆள் பர்ஸை இடது பக்கம் வெக்கறான். கோவக்காரன், பாரு, முட்டி உரசி தையல் விட்டிருக்கு. பக்கத்துல உட்கார்ற பொண்ணு பயந்தவ, கைப்பிடி ஓரத்தையே நகத்தால கிழிச்சிருக்கா." வண்டிக்காரர்கள் உறை வாங்க வந்து, குட்டு வெளிப்பட்டு, தலையைக் குனிந்துகொண்டு போவார்கள்.

"விக்க வேணாம்ணே. ஓட விடுங்க."

"ஓடுமே. ஆனா இழுக்காது. கெழவி மாதிரி ஏறும்."

"இழுக்க வைங்க. அந்த மனுஷன் மிதிக்காம இந்த வண்டி எவ்வளவு போகும்னு ஒரு தடவை பாத்துடணும் எனக்கு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சைலன்சர் வாலுவைப் பார்த்தார். வாலு வானத்தைப் பார்த்தாள்.

வேலை ஆரம்பித்தது. முதலில் அலங்காரம் இல்லை, வைத்தியம். ஏர் ஃபில்டரைத் தட்டினால் ஒரு பூந்தொட்டிக்கு ஆகிற மண் விழுந்தது. மூன்று ஸ்பார்க் பிளக்கில் ஒன்று கரி பிடித்து, மாதக்கணக்கில் வேலைக்கு வராமலே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது. காற்று உள்ளே போகிற வாயை அம்மாவே பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தாள். வால்வு இடைவெளியைச் சரிபார்த்தார்கள். புது ஆயில் ஊற்றினார்கள். இவ்வளவு செய்ததற்கே வண்டி பத்து வயது குறைந்து போனது.

"இனிமே வேகமா?" என்றாள் அம்மா.

"இனிமே பிரேக்கு. நிக்கத் தெரியாத வண்டியை வேகமாக்கறவன் மெக்கானிக் இல்ல, கொலைகாரன்," என்று சைலன்சர் முழங்கினார். பழைய பிரேக் ஆயில் கறுப்பாக வடிந்தது. புது ஆயில், புது பேட், பிடிப்பான டயர், விறைப்பான ஷாக் அப்சார்பர். அதற்குப் பிறகுதான் எடையில் கை வைத்தார்கள். "புது எஞ்சின் வாங்க வக்கில்லாதவங்க சுமையைக் குறைச்சுக்கணும்" என்பது சைலன்சரின் கணக்கு. பின்சீட் போனது. ஸ்டெப்னி போனது. தரைவிரிப்பும் அதற்கடியில் இருந்த கம்பளியும் போயின. பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஹேர்பின்கள், பயந்த மாணவர்களின் பேனா மூடிகள், அப்பாவின் இருமல் மிட்டாய்க் காகிதங்கள் என்று ஒரு கூடை வந்தது. அம்மா காகிதங்களை மட்டும் ஒவ்வொன்றாக நீவி, நூல் டப்பாவுக்குள் போட்டுக்கொண்டாள்.

கம்பளி போனதும் வண்டிக்குள் எல்லாச் சத்தமும் கேட்கத் தொடங்கியது. சின்னக் கல் தெறித்தாலும் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. கியர் மாறும்போது பக்கத்து சீட்டில் யாரோ தொண்டையைச் செருமுவது போல் ஒரு ஒலி வந்தது. கியர் கம்பி உரசுகிற சத்தம் என்று சைலன்சர் சொன்னார். அம்மா அதைச் சரிசெய்யச் சொல்லவில்லை.

பக்கத்து சீட்டையும் அவள் தொடவில்லை. ஊருக்கெல்லாம் உறை தைக்கிறவள், குழி விழுந்த அந்த உறையை மட்டும் மாற்றவில்லை.

"இந்த ரெண்டாவது பெடலையும் கழட்டிடலாம் தங்கச்சி. வெட்டி வெயிட்டு."

"அது இருக்கட்டும்ணே."

சைலன்சர் வாயைத் திறந்தார், மூடினார். தன் பெயருக்கு நியாயமாக நடந்துகொண்டது அன்று ஒருநாள்தான்.

ஓட்டிப் பார்ப்பதற்கு ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரிப் பாதை இருந்தது. ஞாயிறு காலையில் அங்கே ஈ காக்கை இருக்காது. பாதை மேலே ஏறி, இடிந்த தண்ணீர்த்தொட்டி ஒன்றின் அருகே சட்டென்று வளையும். வளைவுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, குவாரிப் பள்ளம்தான். அப்பா மாணவர்களை அங்கே கூட்டிப்போய், அந்த வளைவில்தான் அவர்களின் திமிரை இறக்கி வைப்பார்.

முதல் ஞாயிறு. அம்மா ஓட்டினாள், வாலு பக்கத்தில். வண்டி நிஜமாகவே இழுத்தது. தொட்டி நெருங்கியது. வாலுவின் கால்மாட்டில் அந்தப் பெடல் சும்மாதான் கிடந்தது. சும்மா கிடப்பதைப் பார்த்தால் அவளுக்குத் தாங்காது. அம்மா அலறப்போகிற அலறலை நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டு, இடது காலால் ஒரு மிதி மிதித்தாள்.

அம்மாவின் காலுக்குக் கீழே பெடல் தானாக இறங்கியது.

அம்மா அலறவில்லை. வளைவைத் தாண்டி வண்டியை ஓரமாக நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள்.  கை ஸ்டியரிங்கை விட்டு இறங்க மறந்திருந்தது.

"பாத்தியா?" என்றாள்.

"என்னதும்மா?"

"ஒண்ணுமில்ல."

வாலு தயாராக வைத்திருந்த சிரிப்பை விழுங்கிவிட்டாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். முதுகில் ஒரு அறையோடு முடிந்திருக்கும். ஆனால் அம்மா திரும்பி வருகிற வழியெல்லாம் மெதுவாக ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். பல மாதங்களாக அந்த வாயிலிருந்து வராத பாட்டு. வாலு வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு தொட்டி நெருங்கியபோது வாலு பார்த்தாள். அம்மா தன் காலை எடுத்துவிட்டு, பெடலுக்கு மேலே அந்தரத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். யாருக்கோ வழிவிடுகிற மாதிரி. வாலு இடது காலை நீட்டினாள். மிதித்தாள். வேறென்ன செய்வாள்?

அன்றிலிருந்து அவளுக்கு நிரந்தர உத்தியோகம் கிடைத்துவிட்டது: பேய் வேலை. லீவு கிடையாது. ராஜினாமா கிடையாது. அப்பா எங்கே மிதிப்பார், எவ்வளவு மிதிப்பார் என்று ஒவ்வொரு வளைவாக யோசிக்க வேண்டியிருந்தது. யோசித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. அப்பாவின் குரல் அவளுக்குள் மங்கத் தொடங்கியிருந்தது. எவ்வளவு முயன்றாலும் முழுசாக வரவில்லை. ஆனால் கால் வந்தது. எந்த மரத்துக்கு, எந்தக் கல்லுக்கு அந்தக் கால் அசையும் என்று எல்லாம் வந்தது. சில சமயம் அவள் நினைப்பதற்கு முன்பே அவள் கால் போய்விடும். 

ஒரு சாயங்காலம் பட்டறை ஜன்னல் வழியாகப் பேச்சுக் குரல் கேட்டது. அம்மா வாசலில் வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரமே மிதிச்சிட்டீங்க," என்று பக்கத்து சீட்டிடம் சொன்னாள். "அவ்வளவு பயம் வேணாம். வண்டி இப்ப நல்லாப் புடிக்குது."

வாலு ஜன்னலுக்குக் கீழே அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு ஞாயிறு அவளுக்குக் காய்ச்சல். அம்மா தனியாகப் போனாள். வாலு போர்வைக்குள் நடுங்கினாள், பாதி காய்ச்சலால். வண்டிச் சத்தம் வாசலில் கேட்டபோதுதான் மூச்சு வந்தது. அம்மா வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"இன்னிக்கும் அந்த வளைவுல பெடல் தானா போச்சுடி," என்றாள் சாதாரணமாக. வாலுவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாலுவுக்குக் காய்ச்சல் ஏறியதா இறங்கியதா என்று தெரியவில்லை. வீட்டில் பேய் வேலைக்கு இன்னொரு ஆளும் இருக்கிறாரோ?

அந்த வாரம்தான் சைலன்சர் தலையில் இடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஊரில் குட்டிக் கார் பைத்தியங்கள் ஒன்றுகூடி, அதே குவாரிப் பாதையில் மலையேற்றப் போட்டி நடத்தப் போகிறார்களாம். ஒவ்வொரு வண்டியாக, கடிகாரம் வைத்து.

"பேரு குடுத்துட்டேன் தங்கச்சி! ஓட்டறவங்க மட்டும்தான் வண்டியில. பக்கத்து சீட்டைக் கழட்டிடணும்."

"மாமா, சீட்டெல்லாம் கழட்டாதீங்க. வண்டி அழகே போயிடும்," என்றாள் வாலு அவசரமாக.

"அழகுப் போட்டியா நடக்குது? போடி அந்தப் பக்கம்."

அம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். பிறகு சொன்னாள்: "சரிண்ணே. அந்தத் தொட்டி வளைவுலதான் எல்லாரும் பயப்படுவாங்க. எனக்குப் பயமில்ல. அங்க பாத்துக்க ஆள் இருக்கு."

வாலுவின் கையிலிருந்த தம்ளர் நழுவி விழுந்தது.

விளையாட்டாக ஒரு மிதி. அது அம்மாவின் காலைக் கெடுத்துவிட்டது. அந்த வளைவில் அம்மாவின் கால் இனி அந்தரத்தில் காத்திருக்கும். போட்டியன்று பக்கத்தில் சீட் இருக்காது, வாலு இருக்க மாட்டாள், யாரும் மிதிக்க மாட்டார்கள். அதற்கு அப்புறம் பள்ளம்தான். உண்மையைச் சொன்னால் அம்மா அப்பாவை இரண்டாம் தடவை இழப்பாள். சொல்லாவிட்டால் வாலு அம்மாவை இழப்பாள். ஊரை ஏமாற்றிய புத்திக்கு இதிலிருந்து தப்பிக்க ஒரு வழியும் தட்டுப்படவில்லை.

அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது மெல்ல ஆரம்பித்தாள்.

"அம்மா, இந்தப் பேய் கீய் எல்லாம் நெஜமில்லதானே?"

"யாருடி பேயைப் பத்திப் பேசினா?"

"இல்ல... சும்மா பொது அறிவு."

"உனக்கு எப்பலருந்து அது?" என்று அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பேச்சும் அதோடு அறுந்தது.

போட்டிக்கு முந்தின நாள் காலை, கடைசி ஓட்டம். சைலன்சர் மலை உச்சியில் கடிகாரத்தோடு நின்றார். பக்கத்து சீட் இன்னும் கழற்றப்படவில்லை.

"ஏறு. உன்னோட கடைசி சவாரி," என்றாள் அம்மா.

வாலு ஏறினாள். இன்றைக்கு மிதிக்கப் போவதில்லை. வளைவுக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். வாயில் வார்த்தைகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தாள். வண்டி ஏறியது. கற்கள் அடியில் தட்டின. கியர் மாறியது, வாலு உட்கார்ந்திருந்த அதே சீட்டிலிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள். வரிசையில் நின்ற வார்த்தைகள் எல்லாம் கலைந்து ஓடின.

தொட்டி தெரிந்தது. அம்மா வேகத்தைக் குறைக்கவில்லை. அவள் கால் மேலே எழுந்து அந்தரத்தில் நின்றது.

வாலு மிதித்தாள்.

பெடல் தண்ணீரில் கால் வைத்தது போல் ஒன்றுமில்லாமல் இறங்கி, தகரத்தில் 'டொக்' என்று மோதியது. மறுபடி மிதித்தாள். டொக். வண்டி நிற்பதாக இல்லை. தொட்டி கண்ணாடி முழுக்க வளர்ந்தது.

"அம்மா! பிரேக்கு! பிரேக் புடிம்மா! அது அப்பா இல்ல, நான்தான், நான்தாம்மா மிதிச்சேன்..."

அம்மாவின் கால் இறங்கியது. அவசரமே இல்லாமல், அப்பா ஒருநாளும் அவ்வளவு தாமதமாக மிதித்திருக்க மாட்டார் என்கிற இடத்தில், கச்சிதமாக இறங்கியது. வண்டியின் மூக்கு தாழ்ந்தது, டயர்கள் கீச்சிட்டன, கியர் விழுந்தது. குட்டிக் கார் தொட்டியின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு, உறுமி, மேலே ஏறியது.

உச்சியில் சைலன்சர் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, வழக்கத்துக்கு மேலேயே கத்தினார். அம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எஞ்சினை அணைத்தாள். சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு இரும்பு பின்னை எடுத்து வாலுவின் உள்ளங்கையில் வைத்தாள். பக்கத்து பெடலைக் கேபிளோடு கோக்கிற பின்.

"என்னடி, பிரேக் புடிக்கலையா?"

 வாலு முகத்தில் வழிந்ததை வியர்வை போலப் புறங்கையால் துடைத்தாள்.

"உங்கப்பா வலது காலால மிதிப்பாரு. அந்தப் பெடல் ரப்பர்ல வலது ஓரம்தான் தேய்ஞ்சு கெடக்கு. இப்ப இடது ஓரத்துல ஷூவுக்குப் பூசுற வெள்ளை மாவா அப்பியிருக்கு. கேன்வாஸ் ஷூ போட்டுட்டு வர்ற பேயை நான் பாத்ததில்ல."

"எப்ப தெரியும்?"

"ரெண்டாவது வாரம். வண்டியைத் துடைக்கறப்ப."

"அப்ப முதல் நாள்?"

அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "முதல் நாள் அவருன்னுதான் நெனச்சேன்," என்றாள். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுக்கி விழுந்து எழுந்தது.

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

வாலு பின்னை உள்ளங்கையில் உருட்டினாள். சைலன்சர் தூரத்தில் இன்னும் தனியாகக் கொண்டாடிக்கொண்டிருந்தார்.

"உன் கால் நடுங்கும்டி," என்றாள் அம்மா மெதுவாக. "மிதிக்கறப்ப. அது கேபிள் வழியா என் பெடலுக்கு வரும். வீட்டுல ஒரு சொட்டு அழாதவ, இங்க வந்துதான்... சரி, மிதிச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். எனக்கும் பக்கத்துல ஒரு கால் இருந்தா நல்லாதான் இருந்துச்சு."

வாலு மூக்கை உறிஞ்சினாள். திடீரென்று ஒன்று நினைவு வந்து நிமிர்ந்தாள்.

"அப்ப எனக்குக் காய்ச்சல் அன்னிக்கு? பெடல் தானா போச்சுன்னியே?"

"பொய். உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும்னு சொன்னேன். நல்லாவே போச்சு." அம்மாவின் உதட்டு ஓரம் துடித்தது. "நாளைக்கு நான் தனியாப் போயிடுவேன். இப்ப பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

"அப்ப காலை எடுடி. வண்டி நின்னு எவ்வளவு நேரமாச்சு?"

வாலு குனிந்து பார்த்தாள். அவளுடைய இடது கால் முன்னால் நீண்டு, அந்தச் செத்த பெடலை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.